பன்றி பார்க்கத் தெரிந்தவன்

உட்காருங்கள் சார். தொழுவத்துக்கு அப்புறம் போகலாம். அது எங்கேயும் ஓடிவிடாது. ஓடுகிற பன்றியாக இருந்தால் எனக்கு இந்தத் தொல்லையே வந்திருக்காது.

செண்பகம், சாருக்கு மோர் கொண்டா. உப்புப் போட்டு.

நீங்கள் எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனைமடை கோமதிநாயகம் காட்டுப்பன்றியைத் தொழுவத்தில் அடைத்து வளர்க்கிறான் என்று உங்கள் வனத்துறை ஆபீசுக்கு யாரோ போன் பண்ணியிருக்கிறார்கள். யார் என்று நான் கேட்கப் போவதில்லை. எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் பூதத்தானாகத்தான் இருக்கும். நீங்கள் வேலையில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது போலிருக்கிறது, சட்டையில் கடை மடிப்பு இன்னும் கலையவில்லை. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்ளே இருப்பது ஊர்ப்பன்றி. காட்டுப்பன்றியாக இருந்தால் நீங்கள் அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவீர்கள், என் மேல் வழக்கும் போடுவீர்கள். அதனால் ஊர்ப்பன்றி.

என் பேச்சை நம்பலாம் சார். ஒரு பன்றியைப் பார்த்து இது காடு, இது ஊர் என்று பிரித்துச் சொல்ல இந்த வட்டாரத்தில் என்னை விட்டால் ஆள் கிடையாது. நான் சொல்லவில்லை, ஊர் சொல்கிறது. சரி, முதலில் நான்தான் சொன்னேன். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது.

எப்படிச் சொன்னேன் என்று கேளுங்கள்.

மக்காச்சோளம் கதிர் பிடிக்கிற சமயம் அது. பன்றி இறங்கி எல்லோர் புஞ்சையையும் உழுது போட்டுவிட்டது. உழுதது என்றால் சும்மா இல்லை, டிராக்டர் வைத்துக்கூட அவ்வளவு ஆழம் போகாது. ஊர்க்காரர்கள் வரப்பைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டினார்கள். மனித வாடைக்குப் பன்றி வராது என்று சலூனிலிருந்து முடி அள்ளிவந்து தூவினார்கள். நானும் சேலை கட்டினேன். அதில் ஒன்று பழைய சேலை இல்லை என்பது என் வீட்டுக்காரி செண்பகம், மகள் வீட்டுச் சடங்குக்குப் பெட்டியைத் திறந்த அன்றைக்குத்தான் தெரிந்தது. அது வேறு கதை. அவள் காதில் விழுந்தால் இன்றைக்கும் மோர் வராது.

அப்போது உங்கள் வனவர் ஜெபராஜ் வந்து பஞ்சாயத்து ஆபீசில் கூட்டம் போட்டார். காட்டுப்பன்றியைச் சுட அரசாங்கம் வழி செய்திருக்கிறது, ஆனால் கண்டவன் சுடக் கூடாது என்றார். காட்டு எல்லையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் வந்து பயிரை அழித்தால்தான் சுடலாம். ஊரில் ஒரு குழு பார்த்துச் சொல்ல வேண்டும். சுடுவது உங்கள் துறை ஆள் மட்டும். ஊர்ப்பன்றி என்றால் அதன் மேல் குண்டே படக் கூடாது, அது இன்னொருவர் சொத்து. அதைப் பிடித்து அடைக்க வேண்டியது பஞ்சாயத்து. பயிருக்கு நஷ்டஈடும் காட்டுப்பன்றி தின்றால்தான் உண்டு.

"இதுல ஒரு சிக்கல் இருக்கு. வீட்டுப் பன்னி தப்பிச்சுப் போயி ஓடைப் பொதருலயே கெடந்து குட்டி போட்டுப் பெருகியிருக்கும். அதுவும் பாக்கதுக்குக் காட்டுப்பன்னி மாதிரியே இருக்கும். சுட்ட பெறவு மாத்திச் சொல்ல முடியாது. சுடுததுக்கு முந்தி யாராவது ஒருத்தர் பாத்து உறுதியாச் சொல்லணும். இங்க யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார் ஜெபராஜ்.

எல்லோரும் கீழே பார்த்தார்கள். ஒரு கை மேலே போனது. யார் கை என்று பார்த்தால் என்னுடையது.

சார், எனக்கு என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். செல்போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். அதில் ஓர் ஆள் இரண்டு பன்றிகளை நிறுத்தி வைத்து வித்தியாசம் சொல்லுவார். மலையாளத்தில் சொல்லுவார். எனக்கு மலையாளம் பாதி புரியும். எந்தப் பாதி என்பதுதான் கஷ்டம்.

ஆனாலும் அங்கே எழுந்து நின்று பேசினேன் பாருங்கள்! காதைப் பார், காட்டுப்பன்றிக்குச் சின்னக் காது, விறைத்து நிற்கும். ஊர்ப்பன்றிக்குக் காது பெரிதாகத் தொங்கும். மூஞ்சியைப் பார், காட்டுப்பன்றிக்கு நெற்றியிலிருந்து நேரே இறங்கும். ஊர்ப்பன்றிக்கு நடுவில் பள்ளம் விழும். முதுகைப் பார், பிடரி மயிர் சீப்பு மாதிரி நட்டுக்கொண்டு நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலே வால். ஓடும்போது பார். காட்டுப்பன்றி வாலைக் குச்சி மாதிரி நேரே தூக்கிக்கொண்டு ஓடும். ஊர்ப்பன்றி வால் சுருளும். இப்படியே சொல்லிக்கொண்டு போனேன். வி.ஏ.ஓ. கை தட்டினார். அன்றைக்கே குழுவில் என் பேரைப் போட்டுவிட்டார்கள். மறுநாள் டீக்கடையில் என் பேர் மாறிவிட்டது. பன்றி வாத்தியார்.

முதல் தீர்ப்பு ஒரு வாரத்துக்குள் வந்தது. வைரவன் கடலைப் புஞ்சைக்குப் பக்கத்தில் ஓடைப் புதரில் ஒரு பன்றி கிடந்தது. போனேன், பார்த்தேன். கருப்பு. முதுகில் மயிர் நட்டுக்கொண்டு நின்றது. "காட்டுப்பன்றி" என்றேன். சுடுகிற ஆளுக்குச் சொல்லிவிடச் சொன்னேன்.

சுடுகிற ஆள் வருவதற்குள் எஸ்தர் வந்துவிட்டாள். எஸ்தர் சர்ச் தெருவுக்குப் பின்னால் பன்றி வளர்க்கிறவள். கையில் விளக்குமாற்றோடு வந்தாள். வீடு பெருக்கிக்கொண்டிருக்கும்போது செய்தி போயிருக்கிறது, கீழே போட மறந்துவிட்டாளாம். அப்படித்தான் அவள் சொன்னாள்.

"அண்ணாச்சி, எம் பன்னியவா சுடச் சொன்னிய?"

"அது காட்டுப்பன்னி எஸ்தரு. முதுகுல மயிரு எப்பிடி நட்டுக்கிட்டு நிக்குன்னு பாரு."

"ஒங்க தலையிலயுந்தான் நட்டுக்கிட்டு நிக்கு. ஒங்களயும் சுடச் சொல்லிருவமா?"

"வாலு நேரா இருக்கு."

"நாட்டுப்பன்னிக்கு வாலு நேராத்தான் இருக்கும். நீங்க வீடியோவுல பாத்தது வெள்ளப்பன்னி. மூஞ்சியப் பாத்தியளா?"

மூஞ்சியை நான் பார்க்கவில்லை சார். மூஞ்சி புதருக்குள்ளே இருந்தது. எனக்குக் கிடைத்தது பின்பக்கம்தான். அதைச் சொன்னேன்.

"பின்பக்கத்த வச்சு ஆளு யாருன்னு சொல்லுத மனுசன இப்பத்தான் பாக்கேன்" என்றாள். பிறகு நாக்கைத் தட்டி ஒரு சத்தம் கொடுத்தாள். பன்றி புதரை விட்டு எழுந்து வந்து அவள் பின்னாலேயே போய்விட்டது. காதில் அவள் போட்ட வெட்டு அடையாளம் பளிச்சென்று தெரிந்தது.

வேறு ஆளாக இருந்தால் குழுவை விட்டு விலகியிருப்பான். நான் அப்படி இல்லை. நான் யோசித்தேன். நம் அறிவில் கோளாறு இல்லை, நம் அவசரத்தில்தான் கோளாறு என்று புரிந்துகொண்டேன். இனி ஒரு பன்றியை எல்லாப் பக்கத்திலிருந்தும் பார்க்காமல் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் என் புஞ்சையிலேயே பன்றி இறங்கியது.

வாங்கிக்கொள்ளுங்கள் சார், மோர். பார்த்தீர்களா, பச்சை மிளகாய் கிள்ளிப் போட்டிருக்கிறாள். உங்கள் மேல் அவளுக்கு ஒரு மரியாதை. என் மோரில் தண்ணீர்தான் மரியாதை.

என் புஞ்சையில் கால்வாசி போய்விட்டது. மீதியாவது வீடு வந்து சேர வேண்டும் என்றால் அந்தப் பன்றி போக வேண்டும். அது போக வேண்டும் என்றால் காட்டுப்பன்றி என்று நான் உறுதியாகச் சொல்ல வேண்டும். உறுதியாகச் சொல்ல வேண்டும் என்றால் நன்றாகப் பார்க்க வேண்டும். நன்றாகப் பார்க்க வேண்டும் என்றால் அது ஓர் இடத்தில் நிற்க வேண்டும். நிற்க வேண்டும் என்றால்? சொல்லுங்கள் சார். நீங்களும் பயிற்சி எடுத்தவர்தானே. தீனி வைக்க வேண்டும்.

புஞ்சை ஓரத்துப் பனைமரத்தடியில் மரச்சீனிக் கிழங்கு கொண்டுபோய்ப் போட்டேன். விடிந்து வெளிச்சம் வந்ததும் வந்தது. தின்றது. நான் வரப்பில் உட்கார்ந்து பார்த்தேன். காது சின்னது, விறைப்பு. நல்லது, காடு. ஆனால் மூஞ்சி தீனிக்குள்ளே. மறுநாள் மூஞ்சியைப் பார்க்கலாம் என்று பலாச்சுளை போட்டேன். பலாச்சுளைக்கு அது தலையைத் தூக்கித் தூக்கித் தின்னும் என்பது என் கணக்கு. அப்படியே தூக்கியது. மூஞ்சி நேரே இருந்தது. பள்ளம் இல்லை. ஆனால் சேறு அப்பியிருந்ததால் பள்ளம் தெரியாமல் இருந்திருக்கலாம் இல்லையா? எனவே மறுநாளும் பார்த்தேன்.

வால்தான் தகராறு. ஓடினால்தானே வால் தெரியும். அது ஓடவில்லை. நான் கொஞ்சம் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். திடீரென்று போனால் மிரண்டு மேலே பாய்ந்துவிடுமே என்று போகிறபோது ஒரு தரம் இருமிக்கொண்டு போவேன். அதுவும் 'உர்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். பிறகு தின்னும்.

செண்பகத்துக்கு இதெல்லாம் புரியவில்லை.

"சோளத்தக் காப்பாத்துததுக்குப் பன்னிக்குப் பலாப்பழம் வாங்குத ஆள ஒலகத்துல ஒங்களத்தான் பாக்கேன்" என்றாள்.

"இது ஆராய்ச்சி" என்றேன்.

"எனக்கு ஒரு சுளை வச்சியளா அதுல?"

"நீ என்ன பன்னியா?"

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுதான். இரண்டு நாள் நானே பொங்கித் தின்றேன். பன்றிக்கும் சேர்த்துத்தான் பொங்கினேன். அதுவும் ஆராய்ச்சிதான் சார். சமைத்த சோற்றைக் காட்டுப்பன்றி தொடாது என்று வீடியோவில் சொன்ன மாதிரி ஞாபகம். தொட்டது. ரசம் ஊற்றிப் போட்டால் இன்னும் நன்றாகத் தொட்டது.

இப்படிப் பார்த்துப் பார்த்து, கடைசியில் சந்தேகமே இல்லை என்று ஆன பிறகுதான் ஜெபராஜுக்குச் சொன்னேன். காட்டுப்பன்றி. நான் பொறுப்பு. ஆளை அனுப்புங்கள்.

அனுப்பினார். காலையில் குழு முழுவதும் வந்து வரப்புக்குப் பின்னால் உட்கார்ந்தது. வனவர், வி.ஏ.ஓ., தலைவர் பூதத்தான், துப்பாக்கியோடு உங்கள் துறை ஆள். எஸ்தரும் வந்திருந்தாள். எந்தப் பன்றி விஷயம் என்றாலும் இனி நானும் இருப்பேன் என்று தலைவரிடம் சண்டை போட்டு அனுமதி வாங்கியிருந்தாள்.

"சத்தமே கூடாது. மனுச வாடை பட்டாலே காட்டுப்பன்னி நிக்காது" என்று ஜெபராஜ் காதோடு சொன்னார்.

பன்றி சோளத்துக்குள்ளே இருந்தது. தட்டை அசைவது தெரிந்தது. வெளியே வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறோம். எனக்கா, தொண்டையில் என்னவோ. சோளப் பூந்தூள் சார். அடக்கி அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை.

இருமிவிட்டேன்.

சோளத்துக்குள்ளிருந்து 'உர்' என்று ஒரு சத்தம். பிறகு தட்டைகளைப் பிளந்துகொண்டு வந்தது பாருங்கள், நேரே எங்களைப் பார்த்து! வி.ஏ.ஓ. எழுந்து ஓடினார். அவர் செருப்பு ஓடவில்லை. துப்பாக்கிக்காரர் குறி வைத்துவிட்டார். அது அவரைப் பார்க்கவே இல்லை. வனவரைப் பார்க்கவில்லை. வந்தது, என் முன்னால் நின்றது, என் மடியில் கிடந்த துண்டுக்குள் மூஞ்சியை விட்டுத் துழாவியது.

துண்டில் ஒன்றும் இல்லை சார். ஒரு கைப்பிடி கடலைதான் இருந்தது.

பூதத்தான்தான் முதலில் வாயைத் திறந்தான். "என்ன வே கோமதிநாயகம், ஒம்மகிட்ட ஆசீர்வாதம் வாங்க வந்திருக்கா?"

எஸ்தர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

துப்பாக்கிக்காரர் குறியை எடுக்கவில்லை. "சீக்கிரம் சொல்லுங்க அண்ணாச்சி. காட்டுப்பன்னியா, இல்லியா? நீங்க சொன்னாத்தான் சுடுவேன். எழுந்து ரெண்டடி தள்ளிக்கிடுங்க" என்றார்.

என் சோளம் இந்தப் பக்கம் இருக்கிறது. நஷ்டஈடு இருக்கிறது. ஊரே மெச்சிய என் வாக்கு இருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லி, இரண்டடி தள்ளினால் போதும். அது கடலையை மென்றுகொண்டிருந்தது. மெல்லும்போது ஒரு காதை மட்டும் ஆட்டும், எப்போதும். அது ஒரு பழக்கம். அதற்கும் நான் சொல்ல வந்ததற்கும் சம்பந்தமில்லை.

நான் குனிந்து வாலைப் பார்த்தேன். நடுநிலைமையோடு பார்த்தேன் சார். நுனியில் லேசாக ஒரு சுருள் இருந்தது.

"ஊர்ப்பன்னி" என்றேன்.

"அண்ணாச்சி, வாலு ஈர்க்குச்சி மாதிரி இருக்கு" என்றார் ஜெபராஜ்.

"நுனியில பாருங்க."

"நுனியிலயும் ஈர்க்குச்சிதான் இருக்கு."

"ஒங்களுக்கு வெயில் கூசுது."

ஜெபராஜ் என்னைப் பார்த்தார். பன்றியைப் பார்த்தார். அதன் வயிற்றையும் பார்த்தார். சினை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் எல்லாப் பக்கத்திலிருந்தும் பார்த்தேன், வயிற்றைப் பார்க்கவில்லை. வீடியோவில் வயிற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஜெபராஜ் கையைக் காட்ட, துப்பாக்கி தாழ்ந்தது.

"சரி, ஊர்ப்பன்னின்னே வச்சுக்கிடுவோம். யாரு பன்னி?" என்றார்.

எல்லோரும் எஸ்தரைப் பார்த்தோம். அவள் கும்பிட்டுவிட்டாள். "ஏசப்பா சத்தியமா எனக்கு இல்ல. எம் பன்னிக காதுல வெட்டு இருக்கும். எம் பன்னிக ரசஞ்சோறு திங்காது."

ரசஞ்சோறு விஷயம் அவளுக்கு எப்படித் தெரியும்? செண்பகம் சொல்லியிருப்பாள்.

"அப்பம் யாரு கூப்புட்டா வருதோ அவுகளுதுதான்" என்று பூதத்தான் தீர்ப்புச் சொல்லிவிட்டான். ஊர்ப்பன்றி தின்ற சோளத்துக்கு நஷ்டஈடு கிடையாது. அதுவும் என் பன்றியே என் சோளத்தைத் தின்றதற்கு நான் யாரிடம் கேட்பது? தெருவில் விடாமல் அடைத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. நான் முன்னால் நடந்தேன், அது பின்னால் வந்தது. கயிறுகூடப் போடவில்லை. பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வழி விட்டார்கள். எனக்கா, அதற்கா என்று தெரியவில்லை.

பாசம் கீசம் என்று நினைக்காதீர்கள். அதெல்லாம் எனக்குக் கிடையாது. பொறுப்பு, அவ்வளவுதான். உண்ணி பிடித்தால் எடுக்க வேண்டும், சொறி வந்தால் வேப்பெண்ணெய் போட வேண்டும், கோடைக்குத் தரையில் தண்ணீர் தெளித்துச் சேறு பண்ணிக் கொடுக்க வேண்டும். இதெல்லாம் உங்களுக்கே தெரியும். குட்டி போட்ட அன்றைக்கு நான் தொழுவத்தில் உட்கார்ந்திருந்தது காற்றுக்காக.

அதற்கப்புறம்தான் ஊரில் பேச்சு. குட்டிகளை எட்டிப் பார்த்தவன் எவனோ ஒன்றைச் சொல்ல, அது பூதத்தான் காதுக்குப் போக, இப்போது நீங்கள் வந்து நிற்கிறீர்கள். மோரைக் குடித்துவிட்டீர்களா? வாருங்கள். எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை.

வாசல் நிலை தாழ்வு, குனிந்து வாருங்கள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், புது ஆள் என்றால் அது கொஞ்சம் முறைக்கும். நான் ஒரு தரம் இருமிக்கொள்கிறேன்.

பார்த்தீர்களா, எழுந்து வந்துவிட்டது. குட்டிகளும் வருகின்றன. பயப்படாதீர்கள், செருப்பை மோந்து பார்க்கும், கடிக்காது. குட்டிகள் முதுகிலா? அது செம்மண் சார். கோடு கோடாக ஒட்டியிருக்கிறது. வைக்கோலில் படுத்தால் அப்படித்தான் ஒட்டும். தேய்க்காதீர்கள். போகாது. ஒட்டுகிற மண் அது.

என்ன சார் சொல்கிறீர்கள்? ஊர்ப்பன்றியா? நீங்களே சொல்கிறீர்களா? அடைத்து வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறீர்களா? செண்பகம், கேட்டியா? சார் ஊர்ப்பன்றி என்று சொல்லிவிட்டார்! நான் சொன்னேன் இல்லையா, சாரைப் பார்த்ததும் நல்ல மனிதர் என்று.

என்னது? சில ஊர்ப்பன்றிக் குட்டிக்கும் முதுகில் இப்படிக் கோடு இருக்கும் என்கிறீர்களா?

எந்த ஊரில் சார்?

இல்லை, கேட்கிறேன். எந்த ஊரில்? அணில் மாதிரி தலையிலிருந்து வால் வரைக்கும் கோடு போட்ட குட்டியை எந்த ஊர்ப்பன்றி போட்டது? பயிற்சியில் சொன்னார்களா? யார் சொன்னது, அவர் பன்றியை நேரில் பார்த்திருக்கிறாரா? இது கோடு சார், செம்மண் இல்லை! தாயின் மூஞ்சியைப் பாருங்கள், எங்கே பள்ளம்? ஒரு பள்ளம் காட்டுங்கள் பார்ப்போம். பிடரியைப் பாருங்கள். வாலைப் பாருங்கள், குச்சி! சுருளாவது ஒன்றாவது! இவ்வளவு அசலான காட்டுப்பன்றியைக் கண் முன்னால் வைத்துக்கொண்டு ஊர்ப்பன்றி என்று சொன்னால், உங்களுக்கு எதற்கு சார் அந்தக் காக்கிச்...

"இஞ்சேருங்க! வாய மூடுங்க!"

ம்.

அவள் அப்படித்தான் சார். விருந்தாளி முன்னால் கத்தக் கூடாது என்று தெரியாது.

ஏன் சிரிக்கிறீர்கள்? இன்னொரு தரம் சொல்லவா? என் வாயாலா? கொஞ்சம் பொறுங்கள், இந்தக் குட்டி உங்கள் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டது. விடு. விடு என்கிறேன். கேட்டதா பாருங்கள், விட்டுவிட்டது.

ஊர்ப்பன்றிதான் சார்.

ஆமாம். தாயும், குட்டிகளும், எல்லாம். ஆபீசில் அப்படியே சொல்லிவிடுங்கள். ஆனால் ஒரே ஓர் உதவி. நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள், நீங்கள் பார்த்துச் சொன்னதாகவே இருக்கட்டும். நீங்கள் புது ஆள், தெரியாமல் சொல்லிவிட்டார் என்று விட்டுவிடுவார்கள். எனக்கு இந்த வட்டாரத்தில் ஒரு பேர் இருக்கிறது.